மூன்று அலெக்சாந்தர்களும் ஒரு முடியும்

பேர்லின் விமான நிலையத்தில் என்னைக் கூட்டிப்போக மூன்று அலெக்சாந்தர்கள் வந்திருந்தார்கள்.

"நான் ரெண்டாம் அலெக்சாந்தர்" என்று சொல்லி என் பெட்டியை வாங்கிக்கொண்டவர் சங்கத் தலைவர் மரியாம்பிள்ளை. அறுபதைத் தாண்டியவர், நல்ல உயரம், தலைக்கு மை அடித்திருந்தார். "இவர் சவரிமுத்து, மூண்டாம் அலெக்சாந்தர்" என்று அவர் காட்டிய ஆள் குட்டையாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, கையில் சாப்பாட்டுப் பையோடு நின்றார். முதலாம் அலெக்சாந்தர் கோயம்புத்தூர்க்காரர். இங்கே பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறாராம். "மேடம், நான் பெர்சியாவோட முடிஞ்சிருவேன். செகண்ட் ஹாஃப் ஃபுல்லா அண்ணன்மார்தான்" என்றார்.

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. நாடகத்தை எழுதியவள் நான். நான் எழுதியதில் ஒரே ஒரு அலெக்சாந்தர்தான் உண்டு. பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் சரித்திரம் நடத்துகிறேன். எங்கள் கல்லூரி ஆண்டு விழாவுக்காக அந்த நாடகத்தை எழுதினேன். அலெக்சாந்தர் உலகத்தை ஜெயித்த கதையை எல்லோரும் போட்டாயிற்று, ஜெயித்ததைக் கட்டிக் காக்கப் படாத பாடு பட்ட கடைசி வருடங்களைப் போடுவோமே என்று தோன்றியது. அது எப்படியோ பேர்லின் கத்தோலிக்கத் தமிழர் கைக்குப் போய், பாட்டெல்லாம் சேர்ந்து நாட்டுக்கூத்தாகி, அரங்கேற்றத்துக்கு வாருங்கள் என்று அழைப்பும் வந்துவிட்டது.

காரில் போகும்போது வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "ஏன் மூன்று பேர்? நான் ஒருவருக்குத்தானே எழுதினேன்?" என்று கேட்டுத் தொலைத்தேன். காரை ஓட்டிக்கொண்டிருந்த மரியாம்பிள்ளை அண்ணை கார்க் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து, "அப்பிடியோ ரீச்சர்?" என்றார். கேள்வியை மிகவும் ரசித்தவர் போல இருந்தது. சவரிமுத்து அண்ணை பையைத் திறந்து, "இடியப்பம் கிடக்கு, சம்பலும் கிடக்கு, சாப்பிடுங்கோ" என்றார்.

நான் தங்கியது பேர்லினில் நொய்கெல்ன் என்கிற பகுதியில், மரியாம்பிள்ளை அண்ணை வீட்டில். விளக்கம் கிடைத்தது அவர் மனைவி ஜெசிந்தா அக்காவிடம்தான். அவர்கள் ஊரான மன்னாரில் கூத்து விடிய விடிய நடக்குமாம். "ஒராள் விடியுமட்டும் பாடினா தொண்டை என்னத்துக்காகும்? அதோட, ஒரு வீட்டுக்கு மட்டும் ராசா வேசம் குடுத்தா மற்ற வீட்டுக்காரர் விடுவினமே?" என்றார். அதனால் அரசன் வேடத்தைத் துண்டு போட்டுப் பகிர்வார்கள். முதல் அரசன் பாடி முடித்ததும், மேடையிலேயே தன் தலையிலிருந்து அரசமுடியைக் கழற்றி அடுத்தவர் தலையில் வைப்பார். முடி மாறினால் ஆள் மாறியாயிற்று, அரசன் மாறவில்லை. இங்கே மண்டபத்தை இரவு பத்து மணிக்கே பூட்டிவிடுவார்கள். கூத்து சுருங்கிவிட்டது, மூன்று அரசர்கள் மட்டும் சுருங்கவில்லை.

அப்படிப் பார்த்தால் கணக்கு இதுதான். கோயம்புத்தூர் அலெக்சாந்தர் பாரசீகத்தை ஜெயித்துவிட்டு முடியைக் கொடுத்துவிடுவார். மரியாம்பிள்ளை அண்ணை போரஸோடு சண்டை பிடித்து, பியாஸ் ஆறுவரை வருவார். அங்கே படைவீரர்கள் இதற்கு மேல் ஓரடிகூட வரமாட்டோம் என்று நின்றுவிடுவார்கள். அந்த இடத்தில் முடி சவரிமுத்து அண்ணைக்குப் போகும். திரும்பிப் போகிற அரசன் அவர். கோட்டைச் சுவரைத் தனியே தாண்டிக் குதித்து நெஞ்சில் அம்பு வாங்குவது, பாலைவனத்தில் படையைப் பறிகொடுப்பது, ஆள் திரும்பி வரமாட்டான் என்ற தைரியத்தில் கொள்ளையடித்த ஆளுநர்களைத் தண்டிப்பது, பாபிலோனில் காய்ச்சலில் சாவது எல்லாம் அவருடைய பங்கு.

மூன்று நாள் கழித்துச் சவரிமுத்து அண்ணை சமைக்கிற உணவகத்துக்குப் போனேன். கூட்டம் குறைந்த பிற்பகல். எனக்கு ஒரு தட்டு நிறையக் கொத்துரொட்டியைக் கொட்டிவிட்டு, எதிரில் உட்கார்ந்தார். இங்கே வந்ததிலிருந்து பேர்லின் ரொட்டியைக் கடித்துக் கடித்து எனக்குத் தாடை வலி. அந்தக் கொத்துரொட்டிக்காக அவருக்கு ஒரு நாடகமே எழுதிக் கொடுத்திருப்பேன்.

"ரீச்சர், ஒண்டு கேக்கலாமோ? உந்த மனிசன் ஏன் பாலைவனத்தால போனவர்? கடலால போயிருக்கலாம், நல்ல வழியாலயும் போயிருக்கலாம்."

கப்பற்படைக்கு உணவு சேர்க்க என்று ஒரு சாரார் சொல்கிறார்கள், முன்னே அந்த வழியில் போய்த் தோற்ற மன்னர்களை மிஞ்சிக் காட்ட என்று ஒரு சாரார், வர மறுத்த படைக்குத் தண்டனை என்று இன்னொரு சாரார் என்று நான் பாடம் நடத்தினேன்.

"உங்களுக்கும் தெரியாது, என்ன?"

"தெரியாது அண்ணை."

"எனக்கும் விளங்கேல்லை. விளங்காமல் எப்பிடிப் பாடுறது?" என்று உண்மையாகவே கவலைப்பட்டார். பிறகு மெல்லச் சொன்னார். "மன்னாரில சின்னனிலயும் சரி, இஞ்ச வந்த பிறகும் சரி, எனக்கு எப்பவும் சேவகன் வேசம்தான். ஈட்டியைப் பிடிச்சுக்கொண்டு வாசலில நிக்கிறது. 'வந்தேன் மன்னா' எண்டு ஒரு வரி. இந்த முறைதான் முடி. மூத்தவளின்ர மாமியார் ஜெர்மன்காரி, அவவும் பாக்க வாறா. எனக்கு நித்திரையே வருதில்லை ரீச்சர்." அந்த மனிதர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்க்க எனக்கே ஆசையாக இருந்தது.

ஒத்திகைக்கு மண்டபத்துக்குப் போனது சுரங்க ரயிலில். வாள்கள், கேடயங்கள், முடி வைத்த தொப்பிப் பெட்டி எல்லாவற்றையும் ஆளுக்குக் கொஞ்சமாகத் தூக்கிக்கொண்டோம். எங்கள் ஊர் பஸ்ஸில் இப்படி ஏறியிருந்தால் என்ன நாடகம், எப்போது, யார் ராஜா என்று பத்துப் பேர் கேட்டிருப்பார்கள். இங்கே பெட்டி முழுக்க ஆட்கள் இருந்தும், என் மடியிலிருந்த வாளை ஒருவரும் பார்க்கவில்லை. பார்க்காத மாதிரி பார்க்கிற கலையை இவர்கள் எங்கே படித்தார்களோ! ஒரு கிழவி மட்டும் இறங்கும்போது, "யாரைக் கொல்லப் போகிறீர்கள்?" என்று ஜெர்மன் மொழியில் கேட்டாளாம். ஜெசிந்தா அக்கா அதை எனக்குச் சொல்வதற்குள் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விட்டார்.

மண்டபத்தில் சிரிப்பு நின்றது. எல்லோரும் வட்டமாக உட்கார்ந்ததும் மரியாம்பிள்ளை அண்ணை எழுந்தார். "ஒரு சின்ன மாற்றம். பியாஸ் ஆத்துக்குப் பிறகும் நானே முடியோட போறன். பாதர் வாறார், ஜெர்மன் ஆக்கள் வருகினம். மூண்டு பேர் மாறினா அவையளுக்கு விளங்காது. ரீச்சரும் ஒராளுக்குத்தான் எழுதினவ. என்ன ரீச்சர்? வந்திறங்கின அண்டே நீங்கள் கேட்டனீங்கள்தானே? சவரி தளபதியா வரட்டும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் வாயில் கொழுக்கட்டை. அவர் வீட்டில் தூங்கி, அவர் வீட்டுத் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டிருக்கிறேன். அவர் சொன்னதும் பொய்யில்லை, நான் கேட்டதுதான். ஆனால் கேட்டது இதற்கா? "இல்லை, நான் சும்மா..." என்று இழுத்தேன். அதற்குள் மத்தளம் தொடங்கிவிட்டது. முதலாம் அலெக்சாந்தர் தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சவரிமுத்து அண்ணை அரச அங்கியை நான்காக மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு, மூலையிலிருந்த ஈட்டியை எடுத்துக்கொண்டார். "பரவாயில்லை அண்ணை" என்றார். மரியாம்பிள்ளை மேல் கோபமா, என் மேல் கோபமா என்று எனக்கே தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஜெசிந்தா அக்காவிடம் கேட்டேன், இவருக்கு என்னதான் வேண்டும் என்று. "வேலை செய்யேக்க நூறு பேருக்கு மேல அதிகாரம் பண்ணினவர், கிளீனிங் கொம்பனியில. பென்ஷன் எடுத்தாப் பிறகு சங்கம்தான் எல்லாம். மண்டபத்துக்கு நாள் குறிச்சு டெர்மின் வாங்கிறதும் அவர்தான், நகரசபைக்கு அன்ட்ராக், அதுதான் விண்ணப்பம், எழுதிறதும் அவர்தான். இந்த மனிசனுக்கு எதையும் கழட்டி வைக்கத் தெரியாது ரீச்சர். முடியைக் கழட்டினா வீட்டில என்னோட இருக்கவேணுமெல்லே!" என்று சிரித்தார். சிரிக்கிற விஷயமாக எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த நாள் காலையில் இன்னொரு குண்டு. படைவீரர் வேடம் போடுகிறவர்கள் முழுப்பேரும் ரயிலில் நாலு மணிநேரத் தூரத்திலிருக்கிற கெல்சென்கிர்ச்சன் ஊர்க்காரர். அவர்களுக்குத் தலைவர் குணசீலன் என்கிற பஸ் ஓட்டுநர். சவரிக்கு முடி இல்லையென்றால் படையும் இல்லை என்று தொலைபேசியில் சொல்லிவிட்டாராம். மரியாம்பிள்ளை அண்ணை கோட்டு மாட்டினார். "வாங்கோ ரீச்சர், நேர போய்க் கதைப்பம். நீங்கள் வந்தா அவையள் மறுக்கமாட்டினம்." நான் எந்தப் பக்கம் பேசப் போகிறேன் என்று எனக்கே தெரியாமல் ரயிலேறினேன்.

அவர் வழியெல்லாம் தொலைபேசியில் இருந்தார். ஹம் என்ற ஊர் நெருங்கும்போது ஒலிபெருக்கியில் ஏதோ நீளமாக அறிவித்தார்கள். பாதிப்பேர் பையைத் தூக்கிக்கொண்டு முன்பெட்டிகளுக்கு ஓடினார்கள். "என்ன சொல்கிறார்கள்?" என்றேன். அவர் போனைப் பொத்திக்கொண்டு, "ஒண்டுமில்லை, கோப்பி விக்கினம்" என்றார். கோப்பி விற்கவில்லை. அந்த ஊரில் ரயிலை இரண்டாகப் பிரித்து, முன்பாதியை ஒரு பக்கமும் பின்பாதியை இன்னொரு பக்கமும் அனுப்புகிறார்கள். நாங்கள் பின்பாதி. "எனக்குத் தெரியாத ரெயினோ?" என்று அவர் சொல்லிக்கொண்டே வர, வேறெங்கோ கிடந்த வுப்பர்டாலில் வந்து இறங்கினோம்.

அந்த ஊரில் ஆற்றுக்கு மேலே ரயில் தொங்கிக்கொண்டு போகிறது. தண்டவாளம் மேலே, சக்கரம் மேலே, ஆட்கள் கீழே. உருளைக்கிழங்குப் பொரியலைத் தின்றுகொண்டு வெகுநேரம் அதையே அண்ணாந்து பார்த்தேன். வந்ததிலிருந்து எனக்கு எல்லாமே அப்படித் தலைகீழாகத்தான் தெரிந்தது. பக்கத்தில் மரியாம்பிள்ளை அண்ணை முதல்முறையாகப் போனைப் பையில் போட்டுவிட்டு அண்ணாந்து பார்த்தார்.

"அலெக்சாந்தர் பிழை விட்டவரோ ரீச்சர்? அந்த ஆத்தில திரும்பினது?"

"திரும்பாமல் என்ன செய்ய அண்ணை? எட்டு வருஷமாக நடந்த படை. மழை வேறு. பாம்பு வேறு. உடுப்பெல்லாம் கிழிந்துபோயிற்று."

"ஆனா அவருக்குப் போகவேணும் எண்டு இருந்ததுதானே" என்றார்.

குணசீலன் வீட்டுக்குப் போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. பனங்கிழங்கு மாவில் காய்ச்சிய ஒடியல் கூழ் காத்திருந்தது. நண்டும் இறாலும் மிதக்கிற கூழைக் குடித்துவிட்டு யார்தான் சண்டை போட முடியும்? மரியாம்பிள்ளை அண்ணை நீளமாகப் பேசினார். பாதர் வருகிறார், மண்டபம் எடுத்தாயிற்று, சமூகத்துக்கு மானக்கேடு. குணசீலன் எல்லாவற்றுக்கும் "ஓம் அண்ணை, ஓம் அண்ணை" என்றார். கடைசியில், "வாறம் அண்ணை" என்றார். எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. இவ்வளவுதானா உங்கள் ரோஷம் என்று கேட்க நாக்கு துருதுருத்தது.

வாசலில் எனக்குக் கோட்டு எடுத்துத் தரும்போது குணசீலன் தாழ்ந்த குரலில் கேட்டார். "ரீச்சர், நீங்கள் எழுதினபடி பியாஸ் ஆத்தில படை என்ன செய்யுது?"

"ஓரடி நகரமாட்டோம் என்கிறது."

"பிறகு மனம் மாறுதோ?"

"மாறவில்லை. அரசன்தான் மாறுகிறான்."

"சரி. எழுதினபடியே செய்யிறம்" என்றார். இதில் கேட்க என்ன இருக்கிறது என்று குழம்பிக்கொண்டே படியிறங்கினேன்.

சனிக்கிழமை மண்டபம் நிரம்பி வழிந்தது. பின்னால் ரோல்ஸும் பற்றிஸும் பொரிகிற வாசம். முன்வரிசையில் பாதர், அவருக்குப் பக்கத்தில் சவரிமுத்து அண்ணையின் சம்பந்தியம்மா, நீலப் பட்டுப் புடவையை யாரோ உடுத்திவிட்டிருந்தார்கள். தேவமாதா துதிப்பாட்டோடு கூத்து தொடங்கியது. கோயம்புத்தூர் அலெக்சாந்தர் பாரசீகத்தை ஒருவழியாக ஜெயித்துவிட்டு, முடியைக் கழற்றி மரியாம்பிள்ளை அண்ணை தலையில் வைத்துவிட்டு, மேடை ஓரத்தில் திரைமறைவில் உட்கார்ந்திருந்த என் பக்கத்தில் வந்து மூச்சு வாங்கினார். சொல்லவேண்டும், மரியாம்பிள்ளை அண்ணை மேடையில் அரசர்தான். குரல் அப்படி. போரஸைப் பிடித்து மன்னித்தபோது கைதட்டலில் கூரை பறந்தது. சவரிமுத்து அண்ணை ஈட்டியோடு ஓரத்தில் நின்றார்.

பியாஸ் ஆறு வந்தது. நீலத் துணியை இருவர் இரண்டு முனையில் பிடித்து அசைத்தார்கள். குணசீலனும் படையும் வரமாட்டோம் என்று பாடிவிட்டு, மேடையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தார்கள். புது ஏற்பாட்டின்படி அரசன் ஒரு பாட்டுப் பாடி அதட்ட, படை எழுந்து அவர் பின்னால் போகவேண்டும். அரசர் பாடினார். படை எழவில்லை. மறந்துவிட்டார்களோ என்று மத்தளக்காரர் மறுபடி தாளம் எடுத்துக்கொடுத்தார். அரசர் மறுபடி பாடினார். குணசீலன் தரையைப் பார்த்துக்கொண்டு அசையாமல் இருந்தார். "எழும்படா" என்று அரசர் பாட்டில் இல்லாத வரியைப் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது எனக்குக் கேட்டது. சபைக்கு விளங்கவில்லை, நன்றாக நடிக்கிறார்கள் என்று கைதட்டினார்கள். எனக்கு மட்டும் அப்போதுதான் உறைத்தது. அட பாவிகளா, எழுதினபடியே செய்கிறார்கள்!

அரசர் சட்டென்று திரும்பி, கூடாரம் என்று நாங்கள் கட்டியிருந்த படுக்கை விரிப்புக்குப் பின்னால் வந்தார். அங்கே ஒரு நாற்காலியில் நான். நெற்றியிலிருந்து தலை மை கரைந்து கன்னத்தில் ஒழுகிக்கொண்டிருந்தது.

"பாத்தியளோ ரீச்சர், எனக்குச் செய்யிற வேலையை! இவங்களை இந்த நாட்டுக்குக் கூப்பிட்டு, அகதி விண்ணப்பம் எழுதிக் குடுத்து, வேலை எடுத்துக் குடுத்தது ஆர்?" வெளியே மத்தளம் ஒரே தாளத்தை வாசித்துக்கொண்டிருந்தது. பிறகு கேட்டார். "அவர் கூடாரத்துக்குள்ள எத்தினை நாள் இருந்தவர்?"

"மூன்று நாள்."

"படை வந்து கூப்பிட்டதோ?"

"இல்லை அண்ணை. கூப்பிடுவார்கள் என்றுதான் காத்திருந்தார். வரவில்லை. கடைசியில் அவரே வெளியே வந்து திரும்பிப் போகலாம் என்றார். வரலாற்றில் அவர் தோற்றது தன் ஆட்களிடம் மட்டும்தான். சொன்னதும் அவர்கள் அழுதுகொண்டே அவரை வாழ்த்தினார்களாம்."

முடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அட்டையும் பொன்தாளும்தான், அதைத் தடவித் தடவிப் பார்த்தார். "நான் இதையும் குடுத்திட்டா, நாளைக்கு எனக்கு ஆர் ஃபோன் எடுக்கப் போகினம் ரீச்சர்?" என்றார். அழுகிறாரா, மைதான் கண்ணுக்குள் போயிற்றா என்று தெரியவில்லை. வந்த நாளிலிருந்து அவர்மேல் பொருமிக்கொண்டிருந்த எனக்கு, அவரைக் கட்டிக்கொண்டு ஆறுதல் சொல்லவேண்டும் போல இருந்தது. "போங்க அண்ணை. வெளியே எல்லாரும் உங்களுக்காகத்தான் உட்கார்ந்திருக்காங்க" என்றேன். என் வாயிலிருந்து உருப்படியாக வந்த ஒரே பேச்சு அதுதான்.

போனார். பாட்டில்லை, வசனமில்லை. நேரே சவரிமுத்து அண்ணையிடம் நடந்து, அவர் கையிலிருந்த ஈட்டியை வாங்கிக்கொண்டு, அவர் தலையில் முடியை வைத்தார். படை ஓவென்று எழுந்தது. முடி பெரிது, சவரிமுத்து அண்ணைக்குக் காதுவரை இறங்கிவிட்டது. அவர் அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு பாடத் தொடங்கினார். முதல் அடியில் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. இரண்டாம் அடியில் மேலே வந்துவிட்டது. அம்பு பட்டார், பாலைவனத்தைக் கடந்தார், ஆளுநர்களைத் தண்டித்தார். அலெக்சாந்தர் ஏன் அந்த வழியால் போனான் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனால் அவர் பாடியபோது சபையில் ஒரு குழந்தைகூடச் சத்தம் போடவில்லை. சம்பந்தியம்மா புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

பிறகு பாபிலோன். மண்டபத்து மேசைமேல் போர்வை விரித்து அரசனைக் கிடத்தினார்கள். வாய் பேச முடியாமல் கிடக்கிற அலெக்சாந்தரைப் படைவீரர் வரிசையாக வந்து கடைசியாகப் பார்த்துப் போகவேண்டும். அவர் கண்ணால் மட்டும் விடைகொடுப்பார், பிறகு கண்ணை மூடுவார். நான் ரத்தக் கண்ணீர் விட்டு எழுதிய காட்சி. ஒவ்வொருவராக வந்தார்கள். சவரிமுத்து அண்ணை கண்ணை மட்டும் அசைத்து அற்புதமாகச் செத்துக்கொண்டிருந்தார். குணசீலன் போனார். வரிசை முடிந்தது என்று நினைத்தேன். கடைசியில் இன்னொரு வீரன் வந்தான். வெறுந்தலை, கையில் ஈட்டி, கன்னமெல்லாம் மை. மரியாம்பிள்ளை அண்ணை. யாரும் சொல்லாமல் அவரே போய் வரிசையில் நின்றிருக்கிறார்.

மேசைக்குப் பக்கத்தில் வந்து, "வந்தேன் மன்னா" என்றார்.

சாகக் கிடந்த அரசன் ஒரு விநாடி பார்த்தார். அவ்வளவுதான். மூத்தவர் வந்து எதிரில் நிற்க, காலை நீட்டிப் படுத்துக்கிடக்க அந்த மனிதரால் முடியவில்லை. பதறிப்போய், "ஐயோ அண்ணை!" என்று எழுந்து உட்கார்ந்துவிட்டார். வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு, மேசையில் தள்ளி இடம் விட்டு, "இதில இருங்கோ" என்றார். மரியாம்பிள்ளை அண்ணையும் ஏறி உட்கார்ந்தார். சபை ஒரு கணம் திகைத்து, பிறகு விழுந்து விழுந்து சிரித்து, எழுந்து நின்று கைதட்டியது. குணசீலன் அழுதுகொண்டிருந்தார். மத்தளக்காரர் என்னை எட்டிப் பார்த்தார், இப்போது என்ன செய்வது என்று. மங்களம் பாடுங்கள் என்று கை காட்டினேன். அலெக்சாந்தர் அன்று சாகவில்லை. நானும் சாகச் சொல்லவில்லை.